முறிவதற்கு முன்பே கவனியுங்கள்: நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் எலும்பு நலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் தம்பிக்கு அப்போது 13 வயது. பேச்சு கிடையாது, நடக்க முடியாது, வலிப்புக்கு இரண்டு மருந்துகள். ஒருநாள் காலையில் அம்மா அவனுக்குக் கால்சட்டை மாற்றிவிட்டார். மதியம் அவன் சாப்பாட்டைத் துப்பினான். மாலையில் காலைத் தொட்டாலே உடம்பு விறைத்தது. வயிற்று வலியோ, பல் வலியோ, மலச்சிக்கலோ என்று ஒவ்வொன்றாக நினைத்து ஒன்றரை நாளைக் கழித்துவிட்டோம். மறுநாள் இரவு உடம்பைத் துடைத்துவிடும்போதுதான் முழங்காலுக்குச் சற்று மேலே வீக்கம் கண்ணில் பட்டது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கீழ்முனை முறிந்திருந்தது. அவன் விழவில்லை, எதிலும் மோதவில்லை. கால்சட்டைக்குள் காலை நுழைத்தபோது ஏற்பட்ட சிறு திருகலே போதுமானதாக இருந்திருக்கிறது.

அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அவனுடைய வலிப்பைப் பற்றியும், விழுங்குவதில் உள்ள சிரமத்தைப் பற்றியும், இடுப்பு மூட்டைப் பற்றியும் எத்தனையோ மருத்துவர்களிடம் பேசியிருந்தோம். எலும்பின் உறுதியைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் செய்திருக்க வேண்டிய வேலைகளையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது ஆகியவற்றை உங்கள் பிள்ளையின் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவர் முன் என்னென்ன கேள்விகளோடு போய் உட்கார வேண்டும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

ஏன் இந்த வயதிலேயே

எலும்பு தேய்வது முதுமையின் பிரச்சினை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு சேர்வது சிறுவயதில்தான். பெரியவர் ஒருவரின் எலும்பில் இருக்கும் கனிமத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வளரிளம் பருவத்தில் எலும்பு மிக வேகமாக வளரும் இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டியும் வருகிறது. 20 வயதை நெருங்கும்போது சேர வேண்டியதில் சுமார் 90 சதவீதம் சேர்ந்து முடிந்திருக்கும்.

சேர்வதற்கு நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். உணவிலிருந்து கால்சியமும் புரதமும் வர வேண்டும். அந்தக் கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். தசையும் உடல் எடையும் எலும்பின் மீது பாரம் ஏற்ற வேண்டும். பருவ வயது ஹார்மோன்கள் உரிய காலத்தில் சுரக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த நான்கில் இரண்டோ மூன்றோ ஒரே நேரத்தில் தடைப்படுகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு குறையும் சிறியதாகத் தெரியும். அதனால்தான் யாருடைய கண்ணிலும் படாமல் போகிறது.

படி 1: உங்கள் பிள்ளைக்கு எங்கே ஓட்டை விழுகிறது?

நரம்பு வளர்ச்சிக் குறைபாடு என்பது ஒரே நோய் அல்ல. எலும்பு பலவீனமாகும் வழியும் ஆளுக்கு ஆள் மாறும். முதலில் அந்த வழி எது என்று கண்டுபிடியுங்கள்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில், தானாக நின்று நடக்க முடியாதவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். எலும்பின் மீது பாரம் விழாததுதான் முதன்மைக் காரணம். விழுங்கும் சிரமமும் வலிப்பு மருந்துகளும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. இவர்களுக்குத் தொடை எலும்புதான், அதிலும் முழங்காலை ஒட்டிய கீழ்முனைதான் அதிகம் முறிகிறது. ரெட் சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு உள்ள பெண் பிள்ளைகளுக்கு, நடப்பவர்களாக இருந்தாலும்கூட, முறிவு வாய்ப்பு கூடுதல். ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு, மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஓடுவார்கள், குதிப்பார்கள். பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் தட்டில் தொடங்குகிறது. நான்கைந்து உணவுகளை மட்டுமே ஏற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரலாம். வைட்டமின் சி குறைவால் உண்டாகும் ஸ்கர்வி வந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஸ்கர்வி வந்த பிள்ளை கால் வலியால் நடக்க மறுக்கும்போது, அதை நடத்தைப் பிரச்சினை என்று நினைத்துக் காலம் கடத்திய பதிவுகளும் உண்டு. கவனக்குறைவும் மிகையியக்கமும் உள்ள பிள்ளைகளுக்குத் தரும் ஊக்கி மருந்துகள் பசியைக் குறைக்கின்றன. அங்கே எடையையும் உயரத்தையும் தொடர்ந்து குறித்து வந்தாலே பெரும்பாலும் போதும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசை தளர்ந்திருக்கும். தைராய்டு குறைபாடும், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் வரும் வாய்ப்பு அதிகம். இரண்டுமே எலும்பைப் பாதிப்பவை, இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் தேடிப் பார்க்கலாம். பிராடர் வில்லி சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறில் பாலின ஹார்மோனும் வளர்ச்சி ஹார்மோனும் குறைவு.

ஒரு நோட்டை எடுத்து இந்த நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுங்கள்: நிற்கிறானா, என்ன சாப்பிடுகிறான், என்ன மருந்து எடுத்துக்கொள்கிறான், பருவமடைந்துவிட்டானா. அடுத்து வரும் படிகளில் எதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

படி 2: மருந்துப் பட்டியலை எலும்பின் பக்கமிருந்து படியுங்கள்

இதை நான் இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மருந்து எழுதும் ஒவ்வொரு நிபுணரும் தன் நோயை மட்டும் பார்க்கிறார். எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் பார்ப்பது வீட்டில் இருப்பவர்தான்.

வலிப்புக்கான பினைடோயின், பினோபார்பிட்டோன், கார்பமசெபின் ஆகியவை கல்லீரலில் சில நொதிகளைத் தூண்டி வைட்டமின் டி வேகமாகச் சிதையும்படி செய்கின்றன. வால்புரோயேட் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல; ஆனாலும் நீண்ட காலம் எடுத்தவர்களிடம் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது காணப்படுகிறது. டோபிராமேட் ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டக்கூடியது. வலிப்புக்காகக் கீட்டோஜெனிக் உணவில் (கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவுமுறை) இருக்கும் பிள்ளைக்கும் எலும்பும் சிறுநீரகமும் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

ஆட்டிசத்தில் கடும் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும் கொடுக்கப்படும் ரிஸ்பெரிடோன், புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்துகிறது. புரோலாக்டின் நீண்ட காலம் உயர்ந்திருந்தால் பாலின ஹார்மோன்கள் அடங்கிப்போகும்; எலும்பு சேர்வதும் மந்தமாகும். மாதவிடாய் நின்றுபோவது, மார்பில் வீக்கம், பால் கசிவு ஆகியவை அதன் வெளி அறிகுறிகள். அரிபிப்ரசோல் புரோலாக்டினை அப்படி உயர்த்துவதில்லை. இதைப் படித்துவிட்டு மருந்தை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், “புரோலாக்டின் பார்த்தோமா டாக்டர்?” என்று கேட்டால் போதும்.

எதுக்களிப்புக்காக ஆண்டுக்கணக்கில் தரப்படும் ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்துகளும், நீண்ட நாள் ஸ்டீராய்டும் இதே பட்டியலில் சேரும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்புக்குக் கெடுதல் என்று பயந்து வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து. வலிப்பில் விழுந்தாலும் எலும்புதான் உடையும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்றே: இந்த மருந்து எலும்பைப் பாதிக்குமா? பாதிக்குமென்றால் எதை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்? அதே பலன் தரும், எலும்புக்கு இதமான வேறு மருந்து இவனுக்குப் பொருந்துமா?

படி 3: தட்டில் வைப்பதை அல்ல, தொண்டைக்குள் போவதைக் கணக்கிடுங்கள்

9 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2010இல் வகுத்தது. 4 முதல் 8 வயதுக்கு 1,000. 1 முதல் 3 வயதுக்கு 700. நாடுகளுக்கு இடையே இந்த எண்கள் கொஞ்சம் மாறுபடும். உங்கள் நாட்டுப் பரிந்துரையைப் பின்பற்றுங்கள். 250 மில்லிலிட்டர் பாலில் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தயிரும் அதற்கு நிகரானது. பாலாடைக்கட்டியில் அதே எடைக்கு அதைவிடக் கூடுதல்.

ஏழு நாட்கள் எழுதுங்கள். கொடுத்த அளவை எழுதினால் கணக்கு பொய்த்துவிடும். மிச்சம் வைத்தது, துப்பியது, சட்டையில் வழிந்தது எல்லாவற்றையும் கழித்து எழுதுங்கள். எங்கள் வீட்டில் தம்பிக்கு ஒரு நாளைக்கு மூன்று குவளை பால் கொடுப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தோம். பால் கெட்டியாக்கிக் கரண்டியில் புகட்டுவோம். ஒருநாள் அவன் கழுத்தில் கட்டும் துண்டைப் பால் புகட்டும் முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துண்டில் இருந்தது. மூன்று குவளை என்று நம்பியது உண்மையில் இரண்டுதான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் புதிய உணவைச் சேர்ப்பது தனிக் கலை. அவன் நம்பிச் சாப்பிடும் ஒரே உணவுக்குள் எதையும் ரகசியமாக ஒளித்துவைக்காதீர்கள். நிறத்திலோ வாசனையிலோ அவன் கண்டுபிடித்துவிட்டால், அந்த உணவையும் சேர்த்து ஒதுக்கிவிடுவான். கையில் இருந்ததும் போய்விடும். சொல்லிவிட்டே செய்யுங்கள். ஏற்கெனவே பிடித்ததன் பக்கத்தில் புதியது ஒரு துளி இருக்கட்டும். முதல் வாரம் அது மேசையில் இருந்தாலே வெற்றி. அடுத்து தொடுவது, பிறகு முகர்வது, பிறகு நாக்கில் வைப்பது. பால் பிடிக்காத பிள்ளைக்கு மொறுமொறுப்புதான் பிடிக்கும் என்றால், சுட்டு மொறுமொறுப்பாக்கிய பாலாடைக்கட்டி ஒருவேளை பிடிக்கலாம். சுவையைவிட அது வாயில் எப்படி இருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்கு முக்கியம். தொழில்வழிச் சிகிச்சையாளரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து உதவினால் மாதக்கணக்கில் ஆகும் வேலை வாரங்களுக்குச் சுருங்கும்.

பாலும் கோதுமையும் இல்லாத உணவுமுறையைச் சில பெற்றோர் ஆட்டிசத்துக்காகப் பின்பற்றுகிறார்கள். அது ஆட்டிசத்தின் அடிப்படை அறிகுறிகளைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எலும்புக்கு அதனால் வரும் இழப்போ கண்ணெதிரே இருக்கிறது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 4 முதல் 8 வயதுக்கு உட்பட்ட ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் கை எலும்புச் சுவர் எதிர்பார்த்ததைவிட மெலிந்திருந்தது. பால் புரதத்தைத் தவிர்த்தவர்களிடம் அந்த மெலிவு இன்னும் கூடுதல். ஒவ்வாமையாலோ வேறு காரணத்தாலோ பாலை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், அன்றைக்கே மாற்று ஏற்பாடும் தொடங்கியாக வேண்டும். கால்சியம் சேர்த்த சோயா பாலோ வேறு தாவரப் பாலோ வாங்கினால், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். கால்சியம் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் வெறும் நீரைத்தான் கொடுத்தவர்களாவோம். கீரைகளில் கால்சியம் உண்டு என்றாலும், பசலை போன்றவற்றில் உள்ள ஆக்சலேட் அதில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சவிடாது.

குழாய் வழியே உணவு பெறும் பிள்ளை என்றால் வேறொரு கண்ணி இருக்கிறது. எடை கூடுகிறது என்று உணவுத் திரவத்தின் அளவைக் குறைப்பார்கள். கலோரியோடு சேர்ந்து கால்சியமும் வைட்டமினும் புரதமும் குறைந்துவிடும். அளவு குறையும் ஒவ்வொரு முறையும் உணவியல் நிபுணரிடம் மறுகணக்குப் போடச் சொல்லுங்கள்.

கணக்கில் பற்றாக்குறை தெரிந்தால் மாத்திரையோ திரவமோ தேவைப்படலாம். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால் உறிஞ்சப்படும் பங்கு குறைந்துபோகும், பிரித்துக் கொடுங்கள். கால்சியம் கார்பனேட்டை உணவோடு கொடுக்க வேண்டும். அமிலக் குறைப்பு மருந்து எடுப்பவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் பொருத்தம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்தையும் தனி வேளையில் கொடுங்கள். மலச்சிக்கல் ஏற்கெனவே பெரும்பாடாக இருக்கும் பிள்ளைக்குக் கார்பனேட் அதை இன்னும் கூட்டும். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 4: வைட்டமின் டி, சோதித்த பிறகே

1 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 600 சர்வதேச அலகு என்பது பொதுவான பரிந்துரை. நொதிகளைத் தூண்டும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும், வெளியே வெயிலில் போகவே முடியாதவர்களுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். ரத்தத்தில் 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற அளவைப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் போதுமானது என்றும், 12க்குக் கீழ் குறைபாடு என்றும் 2016இல் வந்த ரிக்கெட்ஸ் குறித்த உலகளாவிய ஒருமித்த பரிந்துரை சொல்கிறது.

இரண்டு சிண்ட்ரோம்களின் பெயரை நினைவில் வையுங்கள். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் தானாகவே எகிறக்கூடும். அவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் டியோ, அது கலந்த பல்வைட்டமின் மருந்தோ கொடுக்கக் கூடாது. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இல்லாமல் போகும் 22கியூ11 நீக்கச் சிண்ட்ரோமில் நேர் எதிர்: ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி பலவீனமாக இருப்பதால் கால்சியம் தாழ்ந்துபோய் வலிப்பே வரலாம். ஒரு வீட்டுக்கு நல்லது செய்த பாட்டில் இன்னொரு வீட்டுக்கு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய அதிக அளவு வைட்டமின் டியைத் தினமும் கொடுத்துவிடும் தவறும் நடக்கிறது. வாந்தி, அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மந்தம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மருந்துப் பெட்டியின் மேல் கிழமையின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

படி 5: எலும்புக்குப் பாரம் கொடுங்கள்

பாரம் விழும் இடத்தில் எலும்பு தடிக்கும், பாரம் இல்லாத இடத்தில் கரையும் என்பதை ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதிவைத்தார். விண்வெளிக்குப் போய்வருபவர்களின் எலும்பு மெலிவதும் இதே காரணத்தால்தான். எந்த மாத்திரையும் இந்த வேலையைச் செய்யாது.

நடக்கும் பிள்ளைகளுக்கு: 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை, 5 முதல் 17 வயது வரை உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் சேர்த்தே பேசுகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு. அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சி. எலும்புக்குப் பிடித்தது குறுகிய, அதிர்வுள்ள, திசை மாறும் அசைவு. ஒரே சீராக நடக்கும் ஒரு மணி நேரத்தைவிட, படியிலிருந்து இரு காலாலும் குதிக்கும் பத்து குதிப்புகளை நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்வது எலும்பை நன்றாகத் தட்டி எழுப்பும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் குதிப்பதைத் தாமாகவே நாடுகிறார்கள். அதை அடக்காமல் ஒரு பாய் விரித்து இடம் ஒதுக்கிக் கொடுங்கள். நீச்சல் தசைக்கும் மனதுக்கும் அருமையானது. ஆனால் தண்ணீர் எடையைத் தாங்கிவிடுவதால் எலும்புக்கு அதை மட்டும் நம்ப முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கலாம் என்பதால், துள்ளுமேடை, குட்டிக்கரணம் போன்றவற்றுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

நடக்க முடியாத பிள்ளைகளுக்கு: நிற்கும் சட்டகம் என்ற கருவியில் பட்டை கட்டி நிற்கவைக்கிறார்கள். 2004இல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், நிற்கும் நேரத்தைப் பாதியளவு கூட்டிய பிள்ளைகளின் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 6 சதவீதம் உயர்ந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆகவே நிற்பது பயனுள்ளது, ஆனால் அது மட்டும் தொடை முறிவைத் தடுத்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. எலும்புக்காக நிற்பதென்றால் நாளுக்கு 60 முதல் 90 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்பது பிஸியோதெரபிஸ்டுகள் வைக்கும் இலக்கு. முதல் நாளே அங்கே போய்விட முடியாது. ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். முகம் வெளுக்கிறதா, கால் நீலம் பூக்கிறதா, மூச்சு மாறுகிறதா என்று பாருங்கள். பிடித்த பாட்டோ, தண்ணீர்த் தொட்டியோ, அக்காவின் முகமோ எதிரே இருந்தால் நேரம் தானாக நீளும். இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலோ, ஏற்கெனவே எலும்பு முறிந்திருந்தாலோ, எலும்பு மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

படி 6: பருவமடைதலைத் தள்ளிவைத்துப் பேசாதீர்கள்

பெண் பிள்ளைக்கு 13 வயது ஆகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, ஆண் பிள்ளைக்கு 14 வயது ஆகியும் விரை வளர்ச்சி தொடங்கவில்லை என்றால் ஹார்மோன் நிபுணரிடம் காட்ட வேண்டும். “இவனுக்கு இதெல்லாம் எதற்கு” என்று உறவினர் சொல்லலாம். எலும்புக்கு அது வேண்டும்.

மாதவிடாயைச் சமாளிப்பது கடினம் என்று சில பெண் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் ஊசி போடப்படுகிறது. அந்த ஊசி எலும்பு அடர்த்தியைக் குறைக்கிறது என்பதால் 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் உறையில் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையைச் சேர்க்கவைத்தது. நிற்காத, வலிப்பு மருந்து எடுக்கும் பெண்ணுக்கு அது மூன்றாவது அடி. வேறு வழிகள் இருக்கின்றன, கேளுங்கள்.

படி 7: பரிசோதனைகள்

ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோன். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன். பிள்ளைகளுக்கு அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். முதியோருக்கான டி மதிப்பை வைத்து யாராவது பேசினால் திருத்துங்கள். குள்ளமான பிள்ளையின் எலும்பு சிறியது என்பதாலேயே எண் தாழ்வாகத் தெரியும். உயரத்தைக் கணக்கில் கொண்டு திருத்தினார்களா என்று கேளுங்கள். டவுன் சிண்ட்ரோமில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

எண் தாழ்வாக இருந்தால் மட்டும் பிள்ளைக்கு ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்பு பலவீனமாகி எளிதில் முறியும் நோய்) என்று சொல்லிவிட முடியாது. இசட் மதிப்பு -2 அல்லது அதற்குக் கீழே இருப்பதோடு, 10 வயதுக்குள் இரண்டு முறையோ 19 வயதுக்குள் மூன்று முறையோ நீள எலும்பு முறிந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச வரையறை. பெரிய அடி எதுவும் படாமல் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தால் அதுவே போதுமான அடையாளம். முதுகெலும்பு நசுங்குவது பல நேரம் வலியே இல்லாமல் நடப்பதால், ஆபத்து அதிகமுள்ள பிள்ளைக்கு முதுகின் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் தேவைப்படும்.

கால்கள் மடங்கி இறுகிய பிள்ளையை நிமிர்த்திப் படுக்கவைக்க முடியாது. இடுப்பில் உலோகத் தகடு இருந்தால் அந்தப் பகுதியின் அளவும் பொய்யாகிவிடும். அதற்காகவே பக்கவாட்டில் படுக்கவைத்துத் தொடையின் கீழ்முனையை அளக்கும் முறை இருக்கிறது. முறிவு வரும் இடமும் அதுதான். எல்லா மையங்களிலும் அது இருக்காது, முன்கூட்டியே விசாரியுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு பலகையில் அசையாமல் படுத்து இருபது வரை எண்ணும் விளையாட்டை இரண்டு வாரம் பழக்குங்கள். ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கதிர்வீச்சு மிகக் குறைவு. முதல் தடவை அறையைப் பார்த்துவிட்டு மட்டும் வருவதற்கு அனுமதி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

படி 8: தூக்குவது, உடுத்துவது, முறிவைக் கண்டுகொள்வது

பலவீனமான எலும்பு நேரடி அழுத்தத்தைவிடத் திருகலுக்கு எளிதில் உடைகிறது. பாதத்தைப் பிடித்துக் காலைத் தூக்காதீர்கள். துணி மாற்றும்போது ஒரு கை முழங்காலுக்குக் கீழேயும் இன்னொரு கை தொடைக்குக் கீழேயும் தாங்க வேண்டும். உடுத்தும்போது இறுகிய கால் முதலில் உள்ளே. கழற்றும்போது அது கடைசியில் வெளியே. அகலமான, பக்கவாட்டில் திறக்கும் கால்சட்டை நல்லது. ஒருவரால் தூக்க முடியாத எடை வந்துவிட்டால் தூக்கும் கருவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவசரத்தில் ஒற்றை ஆளாகத் தூக்கும்போதுதான் கால் சக்கர நாற்காலியில் மாட்டுகிறது. மாவுக்கட்டு பிரித்த பிறகு வரும் சில மாதங்கள் மிக ஆபத்தானவை. அசையாமல் கிடந்ததில் எலும்பு மேலும் கரைந்திருக்கும், மூட்டு இறுகியிருக்கும். இரண்டாவது முறிவு அப்போதுதான் வருகிறது.

பேசாத பிள்ளையின் வலியை அளக்க மருத்துவமனைகளில் ஐந்து தலைப்புள்ள ஒரு அளவுகோல் உண்டு: முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறானா என்பது. ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பிள்ளை வலியில் இருக்கும்போது என்ன செய்வான் என்று அவன் நலமாக இருக்கும் நாளிலேயே எழுதிவையுங்கள். என் தம்பி வலி வந்தால் அழுவதில்லை. கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வான், பிடித்த பாட்டைப் போட்டாலும் தலையைத் திருப்பமாட்டான். இதை அன்றே எழுதி வைத்திருந்தால் ஒன்றரை நாள் வீணாகியிருக்காது. திடீரென நடக்க மறுப்பது, ஒரு கையைப் பயன்படுத்தாமல் விடுவது, காரணமில்லாத காய்ச்சல் போன்ற சூடு, தொட்டால் விறைப்பு, வலிப்பு கூடுவது, தலையை மோதிக்கொள்வது: எது வந்தாலும் தலை முதல் கால் வரை துணியை விலக்கி இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முறிவு என்று சந்தேகம் வந்தால் காலை நேராக்காதீர்கள். கிடக்கும் வாக்கிலேயே தலையணை அணைத்து அசையாமல் கொண்டு போங்கள்.

மருத்துவமனையில் “எப்படி உடைந்தது?” என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எங்கள் அம்மா அன்று குற்றவாளியைப் போலக் கூனிக் குறுகி நின்றார். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டே ஆக வேண்டும். ஊனமுள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்பது கசப்பான உண்மை. எலும்பு பலவீனம் என்று முன்பே மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்தால், கேள்விக்குப் பதில் சொல்வது எளிது.

படி 9: எலும்பு மருந்துகள்

பெரிய அடிபடாமலே எலும்பு முறிந்துவிட்டால், பாமிட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளைச் சிரைவழி ஏற்றுவது பற்றிப் பேச்சு வரும். அடர்த்தி எண் தாழ்ந்திருப்பதற்காக மட்டும் பொதுவாகத் தொடங்குவதில்லை. தொடங்குமுன் வைட்டமின் டியும் கால்சியமும் சரியாக இருக்க வேண்டும், பல் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். முதல் முறை ஏற்றிய ஒன்றிரண்டு நாளில் காய்ச்சலும் உடல்வலியும் வருவது சகஜம். கால்சியம் தாழ்ந்துபோகவும் கூடும். மருந்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவதால், எவ்வளவு காலம், எப்போது நிறுத்துவது என்ற திட்டத்தைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 10: பதினெட்டு வயதில் கோப்பு கைமாறும்போது

குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போகும்போது எலும்பு பற்றிய விவரம்தான் முதலில் தொலைகிறது. ஒரே தாளில் இவை இருக்கட்டும்: முறிவுகளும் தேதிகளும், கடைசி டெக்ஸா எண்ணும் அளந்த இடமும், வைட்டமின் டி அளவு, எலும்பைப் பாதிக்கும் மருந்துகள், வலியின் அடையாளங்கள், தூக்கும் முறை.

என் தம்பிக்கு இப்போது 19 வயது. அவனுடைய அலமாரிக் கதவின் உட்புறத்தில், உடுத்திவிட வருபவர் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் உயரத்தில், அம்மா ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்: “வலது கால் முதலில். முழங்காலுக்குக் கீழே ஒரு கை, தொடைக்குக் கீழே ஒரு கை. உதட்டை உள்ளே இழுத்தால் நிறுத்திவிடுங்கள்.”